மணல்மேட்டுக்குப் பேடில் டயர் வாங்குவது எப்படி: எத்தனை துடுப்பு, என்ன உயரம், எந்த வண்டிக்கு?

கலிபோர்னியாவின் க்ளாமிஸில் ஓல்ட்ஸ்மொபைல் ஹில் என்று ஒரு மணல்மேடு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அதன் அடிவாரத்தில் திருவிழாக் கூட்டம்தான். ஒவ்வொரு வண்டியாகச் சீறிக்கொண்டு மேலே போகும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் நான் என் மணல் வண்டியை, போலாரிஸ் ரேசர் எக்ஸ்பி 1000ஐ, முதல் தடவை ஏற்றினேன். பின்னால் புத்தம் புதுப் பேடில் டயர், அதாவது மணலை அள்ளித் தள்ளக் குறுக்கே ரப்பர் துடுப்புகள் உள்ள டயர். 16 துடுப்பு, ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்துக்கும் மேல் உயரம். "இதைவிடப் பிடிப்பு கிடையாது" என்று கடைக்காரர் சொல்லித்தான் விற்றிருந்தார். பொய் சொல்லவில்லை, நன்றாகவே பிடித்தது. பாதி மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கி, அதன் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பெல்ட் கருகுகிற வாடை வந்து, வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து என் நண்பர் அதே மாடல் வண்டியில், 10 துடுப்பு டயரோடு, பாட்டுக் கேட்டபடி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு வண்டிக்கும் அதே 110 குதிரைத்திறன், அதே மணல். டயர் மணலை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுக்கு எஞ்சினையும் பிடித்து இழுக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பேடில் டயர்களை ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டு "எது அதிகம் பிடிக்கும்" என்று மட்டும் கேட்டால் என் கதைதான் உங்களுக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் தென்கிழக்குக் கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளை மனதில் வைத்துத்தான். சுமார் 45 மைல் நீளத்துக்குக் கிடக்கிற மணல் அது. சில மேடுகள் 300 அடி உயரம். 78ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய வடபகுதியைத்தான் எல்லாரும் க்ளாமிஸ் என்கிறார்கள். யூட்டாவின் லிட்டில் சஹாரா, ஐடஹோவின் செயின்ட் ஆண்டனி, மிச்சிகனின் சில்வர் லேக், ஒரிகன் கடற்கரை மேடுகள் ஆகியவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரிகனில் மழையும் கடல் ஈரமும் மணலை இறுக்கி வைத்திருப்பதால் அங்கே கொஞ்சம் சிறிய துடுப்பே போதும்.

படி 1: சாதாரண டயர் ஏன் தோற்கிறது என்று பாருங்கள்

வண்டியோடு வருகிற டயரில் கட்டை கட்டையாகப் பற்கள் இருக்கும். பாறையையும் கெட்டி மண்ணையும் கவ்வ அவை நல்லவை. காய்ந்த மணலுக்கு அந்தக் கவ்வல் உதவாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மணல் நிரம்பி, டயர் வழவழப்பான உருளை மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கீழே குழிதான் தோண்டும். மேட்டின் காற்று மறைவான பக்கம் சுமார் 30 முதல் 34 டிகிரிச் சாய்வில் நிற்கிறது. காய்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லையே அதுதான். அந்தச் சாய்வில் குழி தோண்டினால் தோண்டிய மணலோடு நீங்களும் கீழே வருவீர்கள்.

பேடில் டயரின் உடல் வழவழப்பாக, அகலமாக இருக்கும். அதன் மேல் குறுக்கே ரப்பர் துடுப்புகள். உடலின் வேலை மணல்மேல் மிதப்பது, துடுப்பின் வேலை மணலை அள்ளிப் பின்னால் தள்ளுவது. படகுக்கும் துடுப்புக்கும் உள்ள உறவுதான். இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகப் பார்த்தால் கடையில் பாதிக் குழப்பம் தீரும்.

படி 2: முதலில் உங்கள் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

டயர் பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். குதிரைத்திறன், ஆட்களும் பெட்ரோலும் சேர்ந்த மொத்த எடை, இப்போதுள்ள டயரின் உயரம், சக்கரத்தின் போல்ட் அளவு.

குதிரைத்திறனில் இன்றைய சைடு-பை-சைடு வண்டிகளை (பக்கத்தில் பக்கத்தில் இருக்கையும் ஸ்டியரிங்கும் உள்ள, சாலைக்கு வெளியே ஓட்டும் வண்டிகள்) மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். டர்போ இல்லாத 1000 சிசி வண்டிகள் (ரேசர் எக்ஸ்பி 1000, ஹோண்டா டாலன், கவாசாகி கேஆர்எக்ஸ்) 100 முதல் 115 வரை. டர்போ வண்டிகள் (கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3இன் மேல்வகைகள், போலாரிஸ் டர்போ ஆர்) 170 முதல் 200 வரை. அதற்கும் மேலே 225 குதிரைத்திறன் உள்ள போலாரிஸ் ப்ரோ ஆர், 240 உள்ள மேவரிக் ஆர்.

எடையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கையேட்டில் போட்டிருப்பது வெறும் வண்டியின் எடை. நான்கு இருக்கை வண்டியில் நான்கு பெரியவர்கள், ஐஸ் பெட்டி, கூடுதல் சக்கரம் எல்லாம் ஏறினால் இன்னொரு 800 பவுண்டு சர்வ சாதாரணம். டர்போ இருந்தாலும் அந்த வண்டி மணலில் எருமைதான்.

போல்ட் அளவு என்றால் எத்தனை போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது: ரேசர் எக்ஸ்பி 1000க்கு 4 போல்ட், 156 மில்லிமீட்டர். மேவரிக் எக்ஸ்3க்கு 4 போல்ட், 137. யமஹா ஒய்எக்ஸ்இசட்டுக்கு 4 போல்ட், 110. ப்ரோ ஆருக்கு 5 போல்ட், 114.3. பழைய செட் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு அடாப்டருக்கு அலைவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

படி 3: துடுப்பைப் படியுங்கள்

விலையும் பெயரும் அப்புறம். ஒரு பேடில் டயரை எடுத்தால் முதலில் நான்கைப் பாருங்கள்: எண்ணிக்கை, உயரம், வடிவம், அகலம்.

எண்ணிக்கையில் தொடங்கலாம். 32 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 100 அங்குலம். 8 துடுப்பு இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே பன்னிரண்டரை அங்குலம். 10 என்றால் 10 அங்குலம், 12 என்றால் எட்டேகால் சொச்சம், 16 என்றால் ஆறேகால். டயர் மணலைத் தொடும் நீளத்தை ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 துடுப்பு டயரில் ஒரு நேரத்தில் ஒரே துடுப்புதான் வேலை செய்யும், அது வெளியேறும்போதுதான் அடுத்தது நுழையும். கெட்டித் தரையில் தட்-தட் என்று முதுகில் தட்டுவதும், மெதுவாகப் போகும்போது வண்டி உதறுவதும் இதனால்தான். 16 துடுப்பில் கிட்டத்தட்ட எப்போதும் இரண்டு துடுப்பு மணலுக்குள் இருக்கும். ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் எஞ்சின் இரண்டு துடுப்பின் சுமையை ஓயாமல் இழுக்க வேண்டும். சக்தி குறைவான வண்டியில் டயர் சுழலவே சுழலாது, எஞ்சின் வேகம் இறங்கும், பெல்ட் வழுக்கிச் சூடேறும். ஓல்ட்ஸ்மொபைல் ஹில்லில் எனக்கு நடந்தது இதுவே.

உயரம் இன்னும் கறாரானது. 13 அங்குல அகலத் துடுப்பு முக்கால் அங்குல உயரம் என்றால் அள்ளும் பரப்பு பத்துச் சதுர அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. உயரத்தை ஒரு அங்குலமாக்கினால் 13 சதுர அங்குலம். கால் அங்குலம் ஏறினால் சுமையில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கடையில் விரலால் தடவிப் பார்க்கும்போது அந்தக் கால் அங்குலம் ஒன்றுமே இல்லாதது போலத்தான் தெரியும்.

வடிவத்தில் பெரிய வித்தியாசம் நேர்க்கோட்டுத் துடுப்புக்கும் வளைந்த துடுப்புக்கும். நேர்த் துடுப்பு மணலை அள்ளினாலும் இரு ஓரங்களிலும் கொஞ்சம் ஒழுகவிடும். வளைந்தது கையைக் குவித்துத் தண்ணீர் அள்ளுவது போல. மணல் ஒழுகாது, நேராக முன்னால் தள்ளும் விசை அதிகம். ஆனால் பக்கவாட்டில் வழுக்கித் திரும்ப நினைக்கும்போது வளைந்த துடுப்பு பிடிவாதம் பிடிக்கும். மேடுகளின் சாய்வுகளில் வளைந்து வளைந்து ஓட்டுவதே உங்கள் ருசி என்றால் நேரானதோ, லேசான வளைவு உள்ளதோ நல்லது. நேராக ஒரே மூச்சில் ஏறுவதுதான் குறி என்றால் ஆழமான வளைவு.

அகலம் மிதப்புக்கு. கனமான நான்கு இருக்கை வண்டிக்குத் துடுப்பை உயர்த்துவதைவிட டயரை அகலப்படுத்துவதே புத்திசாலித்தனம். மிதக்காத வண்டிக்கு எத்தனை துடுப்பு போட்டும் பயனில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து நான் வைத்திருக்கும் கைக்கணக்கு: 100–115 குதிரைத்திறனுக்கு 8 முதல் 10 துடுப்பு, முக்கால் அங்குலத்தை ஒட்டிய உயரம். 170–200க்கு 12 முதல் 14 துடுப்பு, முக்காலுக்கும் ஒன்றுக்கும் இடையே. அதற்கு மேலே உள்ளவர்களுக்கு 14, 16 துடுப்பு, ஒரு அங்குலத்துக்கு மேலும் தாராளமாகப் போகலாம், அவர்கள் வண்டி தாங்கும். இரண்டு அளவுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் சிறியதை எடுங்கள். சின்னத் துடுப்பில் டயர் கொஞ்சம் வெறுமனே சுழலும், அவ்வளவுதான். பெரிய துடுப்பு பெல்ட்டைத் தின்னும்.

யமஹா ஒய்எக்ஸ்இசட் இதில் விதிவிலக்கு. அதில் பெல்ட் கிடையாது, கியர்பாக்ஸ்தான். சுமை கூடினால் கியரை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் க்ளட்ச் தேய்மானம் உங்கள் பாக்கெட்டிலிருந்து.

படி 4: முன் டயரை ஒதுக்காதீர்கள்

எல்லாரும் பின் டயருக்காக மண்டையை உடைத்துக்கொண்டு, முன்னால் வண்டியோடு வந்ததையே விட்டுவிடுவார்கள். பின்னாலிருந்து பேடில் தள்ளும், முன்னால் சாதாரண டயர் மணலை உழும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். கத்தி முனை போன்ற மேட்டு உச்சியில் அந்த ஒரு நொடி தாமதம் வயிற்றைப் புரட்டும்.

மணலுக்கான முன் டயரில் பொதுவாக நடுவில் ஒன்றோ, இரண்டு மூன்றோ நீள வரப்புகள் சுற்றிலும் ஓடும். வரப்பு மணலைக் கீறிக்கொண்டு திசை கொடுக்கிறது. இரு சக்கர ஓட்டத்திலேயே ஓட்டுகிறவர்களுக்கு ஒற்றை வரப்பு சுகமாக இருக்கும், லேசாகத் திரும்பும். நான்கு சக்கர ஓட்டத்தை நம்பி ஏறுகிறவர்கள், வரப்போடு ஓரத்தில் சின்னச் சின்னப் பற்களும் உள்ள டயரைப் பார்க்கலாம். வழவழப்பான முன் டயர் சுழன்றாலும் இழுக்காது.

உயரப் பொருத்தத்தையும் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே உயரமோ, பின்னால் சற்றே கூடவோ இருக்கலாம். பின் டயர் முன்னதைவிடச் சிறியதாக இருந்தால் நான்கு சக்கர ஓட்டத்தில் முன்பக்க டிரைவ் சுமையிலேயே கிடக்கும், உள்ளே பாகங்கள் சீக்கிரம் தேயும்.

படி 5: அளவும் எடையும்

29 அங்குலத்தோடு வந்த வண்டிக்கு 32 போட ஆசை வரும். பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் உயரம் பத்து சதவீதம் கூடினால் கியர் விகிதமும் அந்த அளவுக்கு நீளும், எஞ்சினுக்கு எப்போதும் ஒரு கியர் மேலே இருப்பது போன்ற பாரம். டர்போ இல்லாத வண்டிகளுக்கு, வந்த உயரமோ அதிகபட்சம் ஒரு அங்குலம் கூடவோ போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் பெல்ட்டை ஓட்டுகிற முன் க்ளட்ச்சுக்குள் இருக்கும் எடைகளையும் மாற்ற வேண்டி வரும்.

எடையில் கஞ்சத்தனமாக இருங்கள். மணலுக்கு முள்ளையும் கல்லையும் தாங்குகிற எட்டு அடுக்கு டயர் தேவையில்லை, மெல்லிய அடுக்கே போதும். சுழலும் எடை ஒவ்வொரு பவுண்டும் புறப்படும்போது தெரியும். பீட்லாக் வளையமுள்ள சக்கரம் குறைந்த காற்றிலும் டயரைக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும், ஆனால் எடையும் விலையும் கூடும். பக்கவாட்டுச் சாய்வில் வேகமாகத் திரும்புகிறவர்களுக்கு அது வேண்டும். குடும்பத்தோடு சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிறவர்களுக்கு அவசியமில்லை.

படி 6: எந்தப் பெயர்?

சந்தையில் இரண்டு பரம்பரை உண்டு. ஸ்கட்-ட்ராக், சாண்ட் டயர்ஸ் அன்லிமிடெட் போன்றவை சாண்ட் ரெயில் வண்டிகள் (குழாய்ச் சட்டத்தில் கட்டிய மணல் வண்டிகள்) ஓடிய காலத்திலிருந்தே மணல்காரர்கள் வாயில் புழங்கும் பெயர்கள். இன்னொரு பக்கம் சைடு-பை-சைடு சந்தை வளர்ந்த பிறகு அந்த வண்டிகளுக்கென்றே வந்த சிஸ்டம் 3 டிஎஸ்340, ஜிஎம்இசட் சாண்ட் ஸ்ட்ரிப்பர், இஎஃப்எக்ஸ் சாண்ட் ஸ்லிங்கர், டென்சர் சாண்ட் போன்றவை. சக்கரத்தோடு நான்கு டயர் செட் சுமார் 1,500 டாலரில் தொடங்கி 2,500ஐயும் தாண்டும்.

பெயருக்காக நான் சண்டை போட மாட்டேன். ஒரே பெயரில் 10 துடுப்பும் 14 துடுப்பும் கிடைக்கும்போது "அந்தக் கம்பெனி நல்லது" என்பதற்கு அர்த்தமே இல்லை. படி 3இல் போட்ட கணக்குக்கு ஒத்து வருகிற இரண்டு மூன்றைப் பொறுக்கி, அதன் பிறகு எடையையும் விலையையும் ஒப்பிடுங்கள்.

படி 7: மாட்டுவதும் காற்றும்

பேடில் டயருக்குத் திசை உண்டு, பக்கச் சுவரில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால் கையைக் குவித்துப் பாருங்கள். துடுப்பின் குழிந்த முகம் டயரின் உச்சியில் முன்னால் பார்க்க வேண்டும், அப்போதுதான் அடியில் மணலை அள்ளிப் பின்னால் எறியும். இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டு "டயர் சரியில்லை" என்று திட்டியவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை.

காற்று 8 முதல் 12 பிஎஸ்ஐ. லேசான வண்டிக்குக் கீழ்முனை, கனமானதற்கு மேல்முனை. உற்பத்தியாளர் சொல்லும் எல்லையைத் தாண்ட வேண்டாம். கார் டயருக்கான காற்றுமானி இங்கே உதவாது, 15 அல்லது 30 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டுகிறது ஒன்று வாங்குங்கள். டிசம்பர் காலையில் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 10 பிஎஸ்ஐ வைத்தால், மதியம் 75 ஆகும்போது அது பதினொன்றரையை நெருங்கும். ஓடிய சூடு வேறு. கார் டயரில் ஒன்றரை பிஎஸ்ஐ தெரியாது, இங்கே அது பதினைந்து சதவீதம். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது மறுபடி அளந்து பாருங்கள்.

படி 8: நிஜமாக ஒப்பிடுவது

நண்பரிடம் வேறொரு செட் இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம், அரை நாள் போதும். போல்ட் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே அளவு பெட்ரோல். காலை எட்டு மணி மணலும் பிற்பகல் இரண்டு மணி மணலும் வேறு வேறு. இரவின் ஈரம் காய்ந்ததும் மணல் இளகிவிடும். அதனால் இரண்டு செட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து ஓட்டுங்கள். கூட்டம் இல்லாத மேடாகப் பாருங்கள்.

முதல் சோதனை: தரையிலிருந்து முழு விசையில் ஏறி, குறித்து வைத்த இடத்தில் ஜிபிஎஸ் வேகத்தைப் பாருங்கள். மூன்று தடவை, சற்றே வேறு வேறு தடத்தில், ஏனென்றால் உழுத தடம் பொய் சொல்லும். இரண்டாவது: சரிவு தொடங்குகிற மென்சாய்வில் நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். எனக்கு மிக முக்கியமான சோதனை இது. மணலில் மாட்டிக்கொள்வதெல்லாம் நின்று புறப்படும்போதுதான். மூன்றாவது: பக்கச் சாய்வில் குறுக்கே போய்த் திரும்புங்கள், பின்பக்கம் எவ்வளவு வழுக்குகிறது என்று பாருங்கள். கடைசியாக, முகாமுக்குத் திரும்பும் குண்டும் குழியுமான தடத்தில் பத்து நிமிடம். முதுகு தீர்ப்பு சொல்லும்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிறகு பெல்ட் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் ஒன்றாக இருந்து ஒரு செட் மட்டும் பெல்ட்டை அதிகம் சூடாக்கினால் அதைத் தள்ளுங்கள். 200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் நான் சோதனையை நிறுத்திவிட்டுச் சமதரையில் மெதுவாக ஓட்டி ஆறவிடுவேன். உச்சியில் எஞ்சின் சுழற்சி வேகத்தையும் பாருங்கள். வழக்கமான உச்சத்தைத் தொடாமல் திணறினால் துடுப்பு பெரிது. சட்டென்று உச்சத்தைத் தொட்டு, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் துடுப்பு சிறிது, அல்லது காற்று அதிகம்.

ஓட்டும்போது தரையிலிருந்து 8 அடி உயரத்துக்குக் கொடிக் கம்பி வேண்டும், இங்கே அது சட்டம். மேட்டுக்கு மறுபக்கம் யார் வருகிறார்கள் என்பது கொடியைப் பார்த்துத்தான் தெரியும்.

படி 9: பழையது வாங்கினால், புதியதை வைத்திருந்தால்

பேடில் டயருக்கு எதிரி தார்ச்சாலை. முகாமுக்கும் மணலுக்கும் நடுவே தினம் ஒரு மைல் தாரிலும் சரளையிலும் ஓட்டினால் ஒரே சீசனில் துடுப்பின் விளிம்பு உருண்டுவிடும், கூர்மை போன துடுப்பு மணலைக் கடிக்காது. பழைய செட் பார்க்கும்போது விளிம்பைத்தான் முதலில் தடவிப் பாருங்கள். பிறகு துடுப்பு டயர் உடலோடு சேரும் வேரை விரலால் வளைத்துப் பாருங்கள். அங்கே வெடிப்பு தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஒரு துடுப்பு பிய்ந்து போனாலும் அந்த டயர் தள்ளாடும்.

சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலோடு முடிகிறது. மீதி மாதங்கள் அரிசோனா, கலிபோர்னியா வெயில் ரப்பரைக் கருவாடாக்கிவிடும். கழற்றி, மணலைத் தட்டிக் கழுவி, கராஜில் நிழலில், துடுப்பு தரையில் அழுந்தாதபடி சக்கரத்தைப் படுக்கவைத்து மூடிவையுங்கள். டயருக்கு மினுமினுப்பு எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். என் 16 துடுப்பு செட் அப்படித்தான் மூன்று கோடை கராஜில் கிடந்து, போன நவம்பரில் ஒரு ப்ரோ ஆர்காரருக்குப் போனது. அவர் வண்டியில் அது ஜம்மென்று ஏறுகிறதாம்.